மஞ்சள் தொட்டிகளோடு ஜவளகிரி வரை

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் காசிக்கும் கயிலாயத்துக்கும் போய் வந்து எழுதுகிறார்கள். நான் பயணம் செய்தது மொத்தம் ஒரு மணி முப்பத்தாறு நிமிடம். அதுவும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறங்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நடுவில் என் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறவள். இப்படிப்பட்டவள் கட்டுரை எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பட்டறையில் வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது சரியில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். இந்தப் பயணம் நடந்தபோது, கல்யாணமாகி ஓசூர் மூக்கண்டப்பள்ளிக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்கு லேத் வேலை. எனக்கு, தொட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் கசிவு பார்க்கும் வேலை. டீசல் தொட்டியோ எண்ணெய்த் தொட்டியோ வெல்டிங் முடிந்ததும் என்னிடம் வரும். பற்று வைத்த இடத்தில் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிடுவேன். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவேன். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெள்ளையில் பழுப்பாக ஒரு புள்ளி எழும்பும். அந்தப் புள்ளியைத் தேடுவதுதான் அப்போது பத்தொன்பது வருடமாக என் பிழைப்பு. தொட்டியைக் கழுவும்போது தண்ணீர் உள்ளே போகாமலிருக்க, எல்லாத் துளைகளிலும் பனியன் வேஸ்ட் என்கிற கந்தல் துணியை உருட்டி அடைப்பேன். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

2006-ம் வருடம் அது. ஓசூரை ஒட்டி ஒரு சின்ன விமான ஓடுதளம் இருக்கிறது. அங்கே சரக்கு ஏற்றும் பெரிய ஹெலிகாப்டர் ஒன்று வந்து நின்றது. யாருடையது என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. மேற்குக் கடலில் ஒரு தீவுக்கு அது ஜெனரேட்டர் சாமான்களைக் கொண்டுபோக வேண்டும். தீவில் எரிபொருள் கிடைக்காது. போவதற்கும் வருவதற்கும் வேண்டியதைக் கூடவே சுமக்க வேண்டும். அதற்காக, சரக்கு வைக்கும் அறைக்குள்ளேயே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் தொட்டிகளை வைத்தார்கள். ஒவ்வொன்றும் தொள்ளாயிரம் லிட்டர். தொட்டிகள் அவர்களுடையவை. அவற்றைத் தாங்கும் சட்டங்களும் இழுத்துக் கட்டும் பட்டைகளும் எங்கள் பட்டறை வேலை. இணைப்புகளில் கசிவு பார்ப்பது என் வேலை.

வேலை முடியும் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. அன்று ஹெலிகாப்டரையும் கழுவினோம். இரண்டு தொட்டிகளுக்கும் சேர்த்துக் காற்று போய்வர ஒரு குழாய் உண்டு. அது ஹெலிகாப்டரின் இடது விலாவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துளையாக வெளியே தெரியும். மற்றத் துளைகளுக்கெல்லாம் அவர்களிடம் சிவப்பு ரிப்பன் தொங்கும் மூடிகள் இருந்தன. இதற்கு மட்டும் மூடி இன்னும் வந்து சேரவில்லை. நான் பனியன் வேஸ்ட்டை உருட்டி அடைத்துவிட்டுக் கழுவினேன். பிறகு முதலாளி பொரி பங்கு போடக் கூப்பிட்டார், போய்விட்டேன். நான் திரும்பி வருவதற்குள் ஹெலிகாப்டர் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார்கள். முகத்திலும் சக்கரத்திலும் கதவிலும் பொட்டு வைத்திருந்தது. நானும் கும்பிட்டேன். இவ்வளவு பெரிய சாமானுக்கு இவ்வளவு சின்னப் பொட்டு என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. துணி ஞாபகம் வரவில்லை.

பூஜையிலிருந்து நாலாம் நாள் புதன்கிழமை சோதனைப் பறப்பு வைத்தார்கள். பறக்கும்போது தொட்டிகளில் எங்காவது கசிகிறதா என்று பார்க்க, பட்டறையிலிருந்து ஒருவர் கூட வரவேண்டும். எங்கள் முதலாளிதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். ஆனால் இரண்டு தொட்டியும் நிரம்பினால் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டாம். பார்சல் எடை போடும் மேடையில் முதலாளி ஏறினார். தொண்ணூற்றாறு காட்டியது. நான் ஏறினேன். செருப்போடு நாற்பத்து மூன்று.

"முடிஞ்சுது போங்க," என்றார் முனிராஜ். "ஓனர் ஏறுனா ஒரு தொட்டியை எறக்கணும்."

முனிராஜ் அந்த ஹெலிகாப்டரின் மெக்கானிக். முப்பத்தைந்து வயது இருக்கும். உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

காலை 6.40. மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஓசூர் பஸ் நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் நாலு ரூபாய் கொடுத்து வந்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மூன்று ரூபாய் டிக்கெட் எடுத்தேன். என் ஆகாயப் பயணத்துக்கு நான் செலவழித்தது இந்த ஏழு ரூபாய்தான்.

7.30. எரிபொருள் நிரப்ப ஆரம்பித்தார்கள். அது மண்ணெண்ணெய்க்கு அண்ணன் போன்றது. வாசனை கிட்டத்தட்ட அதேதான். குழாயைத் திறப்பதற்கு முன்னால் ஹெலிகாப்டரிலிருந்து தரைக்கு ஒரு கம்பியை மாட்டினார்கள். எண்ணெய் வேகமாக ஓடினாலே மின்சாரம் உண்டாகிப் பொறி கிளம்பும் என்று முனிராஜ் சொன்னார். பத்தொன்பது வருடம் தொட்டிகளோடு இருந்தும் எனக்கு இது தெரியாது. முக்கால் மணி நேரம் நிரப்பினார்கள். தொள்ளாயிரம் லிட்டர் உள்ளே போனதும் மஞ்சள் தொட்டி சில்லென்று ஆகிவிட்டது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காலியாக இருந்தபோது தகரம், இப்போது ஏதோ ஒரு பெரிய பிராணியின் விலா.

அதை இயக்கும் முறையை முனிராஜ் எனக்குச் சொல்லித் தந்தார். ஹெலிகாப்டர் குடிப்பது எப்போதும் அதன் சொந்தத் தொட்டியிலிருந்துதான். அரை மணி நேரம் பறந்து, அதில் இடம் காலியான பிறகே உள்ளே இருக்கும் மஞ்சள் தொட்டிகளின் குழாயைத் திறந்து பம்ப்பைப் போட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகக் குறைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் ஹெலிகாப்டர் சாயும். அடி வரைக்கும் உறிஞ்ச விடக்கூடாது, காற்றைக் குடித்தால் பம்ப் கெட்டுவிடும். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாயும் அளவுக் கோடுகளும் இருந்தன, கோட்டுக்குப் பத்து லிட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு.

8.50. கேப்டன் வந்தார். பெங்களூர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல், நரைத்த மீசை. முனிராஜ் முன்னால் நடந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட, கேப்டனும் பின்னாலேயே ஒரு சுற்று வந்து பார்த்தார். என் தலையில் காது மூடி ஒன்றை மாட்டி, இந்தப் பட்டனை அழுத்தினால் நீங்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்கும் என்றார். நான் அதை அழுத்தப் போவதில்லை என்று அப்போதே தீர்மானித்தேன்.

9.05. மேலே விசிறி சுற்ற ஆரம்பித்ததும் சத்தம் காதுக்குள் வரவில்லை, நெஞ்சுக்குள் வந்தது. என் பல், நான் பிடித்திருந்த பேனா, மடியிலிருந்த நோட்டு எல்லாம் ஆடின. வண்டி கிளம்பும்போது நாம்தான் போகிறோம் என்று தெரியும். இதில் அப்படி இல்லை. நான் இருந்த இடத்திலேயே இருக்க, ஓடுதளமும் புல்லும் எங்கள் முதலாளியும் மெதுவாகக் கீழே போனார்கள். முதலாளியின் புதுச் சட்டை ஒரு பொட்டாகிப் பிறகு அதுவும் இல்லாமல் போனது.

ஓசூரை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சந்திரசூடேஸ்வரர் மலை ஒரு கைப்பிடி அளவு இருந்தது. தொழிற்பேட்டையின் கூரைகள் வரிசை வரிசையாக வந்தன. நீலத் தகரமும் சிமெண்டு ஓடுமாக இத்தனை பட்டறைகளா என்று மலைத்துப் போனேன். இதில் எங்கள் வீட்டைத் தேடினேன். மூக்கண்டப்பள்ளியில் எல்லா மொட்டை மாடியிலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருந்தது, எல்லா மாடியிலும் துணி காய்ந்தது. எது எங்கள் மாடி என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வீட்டை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது எனக்கு வருத்தமாக இல்லை. ஏனோ மனது விரிந்தது போல இருந்தது.

9.11. உத்தனப்பள்ளி. முனிராஜ் ஜன்னலில் தட்டி ஏதோ காட்டினார். அவர் வீடாம். ரோஜா வளர்க்கும் பாலித்தீன் குடில்கள் வெள்ளை வேட்டிகளைக் காயப் போட்டது போலக் கிடந்தன. 9.16. ராயக்கோட்டை. தக்காளி வண்டிகள் சந்தைக்கு வெளியே எறும்புபோல நின்றன. எங்கள் நிழல் வயலிலும் பாறையிலும் கூரையிலும் ஏறி இறங்கி, எதிலும் தடுக்காமல் கூடவே ஓடி வந்தது.

9.23. கிருஷ்ணகிரி அணை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் ஐம்பது கிலோமீட்டர். சாலையை நாலு வழியாக்கும் வேலை நடந்த காலம் என்பதால் சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். நாங்கள் சுற்றிக்கொண்டு போயும் பதினெட்டு நிமிடத்தில் வந்திருந்தோம். மழைத் தண்ணீர் நிறைந்து அணை பழுப்பாக இருந்தது. கல் குவாரிகளை மைசூர்பாகு வெட்டியது போல மலையில் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தார்கள். மலையே இத்தனை சின்னது என்றால், அதற்கு அடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நாம் எத்தனை சின்னவர்கள். ஆனாலும் நம்மைப் போன்ற ஒருவர்தான் இந்த இரும்பைத் தூக்கிப் பிடித்து அணையைச் சுற்றி இரண்டு வட்டம் அடிக்கிறார். இரண்டையும் ஒன்றாக நினைக்க நினைக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முனிராஜ் பார்ப்பதற்குள் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

9.35. மேற்கே திரும்பி தேன்கனிக்கோட்டையைப் பார்த்துப் போகும்போது கேப்டன் சொல்ல, முனிராஜ் மஞ்சள் தொட்டிகளின் குழாயைத் திறந்து பம்ப்பைப் போட்டார். நோட்டில் எழுதினேன்: 9.35, இரண்டு பக்கமும் 90. பட்டறையில் செய்வதுபோல ஒரு உள்ளங்கையைத் தொட்டிமேல் வைத்துக்கொண்டேன். உள்ளே எண்ணெய் நகர்வது கைக்குத் தெரிந்தது. 9.40, 84. நன்றாக இறங்கியது. 9.45, 81. 9.50, 80. கண்ணாடிக் குழாயில் எண்ணெய் கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

பம்ப் இழுக்கவில்லை என்று முனிராஜ் கேப்டனிடம் சொன்னார். நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கழித்து மறுபடி போடச் சொன்னார் கேப்டன். அப்படியே செய்தார். அப்போதுதான் என் உள்ளங்கைக்குக் கீழே தொட்டியின் தகடு உள்ளே போனது. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்த வயிறு போல உள்வாங்கி நின்றது.

சமையல் எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டு ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொஞ்சம் வரும், பிறகு நின்றுவிடும். டின் ஒடுங்கும். காற்று உள்ளே போக இரண்டாவதாக ஒரு துளை வேண்டும். இந்தத் தொட்டிகளின் இரண்டாவது துளை இடது விலாவில் இருந்தது. அதில் என் பனியன் துணி இருந்தது.

முனிராஜின் காது மூடியை ஒரு பக்கம் நகர்த்தி, அவர் காதில் கத்திச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்ததும் பம்ப்பை அணைத்தார். மனிதர் முகம் சாம்பலாகிவிட்டது. காலையில் அந்த இடத்தைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டவர் அவர். என் காதருகே குனிந்தார்.

"அக்கா, கம்முனு இரு. எறங்குனதும் நானே புடுங்கிடறேன். பம்ப் மக்கர்னு சொல்லிக்கலாம். என் லைசென்ஸே போயிரும்க்கா. ரெண்டு புள்ளைங்க."

நான் தலையாட்டினேன். அவருக்காக மட்டும் ஆட்டவில்லை. பேச வேண்டாம் என்று ஒருவர் சொன்னது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

காது மூடிக்குள் கேப்டனின் குரல் வந்தது. முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார், அப்போதும் இழுக்காவிட்டால் பம்ப்பைக் கழற்றிவிடலாம் என்றார். முனிராஜ் என்னைப் பார்த்தார். கை சுவிட்சுக்குப் போகவும் இல்லை, விலகவும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வாசனை வந்தது. எண்ணெய் நிரப்பும்போது வந்த வாசனை அல்ல. கசிவின் வாசனை வேறு. அது மெல்லியதாக, ஒரு பக்கத்திலிருந்து வரும். தகடு உள்வாங்கியதில் அடியிலிருக்கும் ரப்பர் குழாயின் பிடி நகர்ந்திருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் இழுத்தால் அது கழன்றுவிடும். எங்களைச் சுற்றி ஆயிரத்து அறுநூறு லிட்டர். கீழே ஜவளகிரிக் காடு தொடங்கிவிட்டது.

பட்டனை அழுத்தினேன்.

"சார், பம்ப்பைப் போடாதீங்க. பம்ப் நல்லாத்தான் இருக்கு. காத்து போற துளையில என் துணி இருக்கு சார். கழுவுறப்ப நான் வச்சது. இப்ப அடியில கசியுது."

எங்கள் பட்டறையில் முதலாளி முன்னால் நான் இவ்வளவு பெரிய பேச்சு பேசியதே கிடையாது.

"எந்தப் பக்கம் கசியுது?" என்றார் கேப்டன்.

"இடது பக்கம் சார். சொட்டலை. வாசனைதான்."

"முனிராஜ், எல்லா சுவிட்சையும் தொடாம விடு. குழாயை மூடு. ரெண்டு பேரும் உக்காருங்க, எறக்கறேன்."

9.56. காட்டு ஓரத்தில், ஜவளகிரிக்குக் கொஞ்சம் முன்னால், அந்த வருடம் எதுவும் விதைக்காத ஒரு புஞ்சையில் இறங்கினோம். செம்மண் புழுதி எழுந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போனது. புழுதி அடங்கியபோது, பக்கத்து வயலில் ராகிக் கதிரெல்லாம் எங்களைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தது. விசிறி நின்றது. அந்த நிசப்தத்தில் ஒரு மாட்டு மணி கேட்டது.

கேப்டன் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் யாரும் உள்ளே போகக்கூடாது என்றார். தூரத்து வீட்டிலிருந்து புஞ்சைக்காரர் ஓடி வந்தார், வாயில் பீடியோடு. முனிராஜ் மூன்று பாஷையிலும் கத்திக்கொண்டு எதிரே ஓடினார். அந்த மனிதர் பீடியை எறியவில்லை, பயத்தில் விழுங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் கையில் நசுக்கி வைத்திருந்தார்.

இடது விலாவுக்கு மூன்று பேரும் போனோம். துளை இருந்த இடத்தில் வட்டமாகக் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பார்க்க அழகாக இருந்தது. நான் நகத்தால் சந்தனத்தைப் பெயர்த்துத் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். துணி வந்ததும் துளை நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. உள்ளே தொட்டி டொம் என்று தன் வடிவத்துக்கு வந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

கேப்டன் முனிராஜைப் பார்த்தார். "காலைல இதப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டு?"

"சந்தனம் வச்சிருந்துச்சு சார். துடைக்க மனசு வரல. அடியில துணி இருக்கும்னு நெனைக்கல." முனிராஜ் தலையைத் தூக்கவில்லை. "வச்சதும் நான்தான் சார். அக்கா துணி வெச்சதுமேல நான் சந்தனம் வெச்சிட்டேன்."

கேப்டன் கொஞ்ச நேரம் அந்தத் துளையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நானும் பாத்தேன். உன் பின்னாடியே வந்தனே. விரலால தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

பிறகு கேப்டன் தன் புத்தகத்தை எடுத்து, ஹெலிகாப்டரின் சக்கரத்துமேல் வைத்து, நடந்தது எல்லாவற்றையும் எழுதினார். மூன்று பேர் பெயரையும் எழுதினார், முதலில் தன் பெயரை. எழுதி முடித்து என்னைக் கேட்டார்.

"அம்மா, கசிவு பாக்கறது உங்க வேலை. பாத்துச் சொல்லுங்க. நீங்க போகலாம்னா எடுக்கறேன். இல்லன்னா லாரி வரவெச்சு எண்ணெய எறக்கணும், ரெண்டு நாள் இங்கதான்."

அடைத்தவளையே பார்த்துச் சொல்லச் சொல்கிறார். உள்ளே போய்ப் பார்த்தேன். ரப்பர் குழாயின் பிடி நெல் அளவு நகர்ந்திருந்தது. முனிராஜ் அதைத் தள்ளி முறுக்கினார். நின்றுவிட்டதா என்று பார்க்க எனக்குச் சுண்ணாம்பு வேண்டும். இந்தக் காட்டில் எங்கே போவது.

அதற்குள் புஞ்சைக்காரரின் மனைவி மாதம்மா வந்து என் பக்கத்தில் நின்றிருந்தார். ஆண்கள் இருவரையும் விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீயா அக்கா ஓட்டினு வந்த?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. உங்கள் வீட்டில் கோலமாவு இருக்கிறதா என்று கேட்டேன். அதையும் முதலில் நம்பவில்லை. இதற்குமா கோலம் போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போய், ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கொண்டு வந்தார்.

இணைப்பைத் துடைத்துக் காயவைத்து, சுற்றிலும் கோலமாவைத் தூவினேன். வாசனை முழுக்கப் போனதும் கேப்டன் பேட்டரியில் பம்ப்பைக் குறைந்த வேகத்தில் போட்டார். இரண்டு நிமிடத்தில் வெள்ளை மாவில் கடுகளவு கறுத்தது. நிறுத்தச் சொன்னேன். முனிராஜ் பிடியைக் கழற்றி வேறு பிடி போட்டார். மறுபடி துடைத்து, மறுபடி தூவி, மறுபடி ஓட்டினோம். இந்த முறை பதினைந்து நிமிடம் மண்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இமைத்தால் தவறிவிடுமோ என்று இமைக்கவும் பயம். மாதம்மா கதவருகே நின்று, நான் பார்ப்பதையே அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். மாவு வெள்ளையாகவே இருந்தது. மற்ற இணைப்புகளையும் ஒவ்வொன்றாக அதேபோலப் பார்த்தேன்.

"போகலாம் சார்," என்றேன். பட்டன் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

11.40. கிளம்பினோம். மாதம்மா குடும்பம் சேலையையும் துண்டையும் பிடித்துக்கொண்டு வயல் ஓரத்தில் நின்றது. மேலே வந்ததும் கேப்டன் நேராக ஓசூருக்குப் போகாமல் எல்லையை ஒட்டி வட்டம் போட்டார். சோதனை பாதியில் நின்றிருந்ததே. 11.50, 76. 11.55, 70. 12.00, 64. ஒரே சீராக இறங்கியது. உள்ளங்கைக்குக் கீழே தொட்டி எங்கும் ஒடுங்கவில்லை. எண்ணெய் கீழே போகப் போக, காற்று அதன் இடத்தில் வந்து உட்கார்வதைக் கையால் கேட்டேன் என்று சொன்னால் சிரிக்கக் கூடாது. இரண்டு மஞ்சள் தொட்டிகளும் தங்களிடம் இருப்பதைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. அதில்தான் நாங்கள் மூன்று பேரும் இவ்வளவு இரும்பும் ஆகாயத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

வெளியே பார்த்தேன். எது கர்நாடகம், எது தமிழ்நாடு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். இந்தப் பக்கமும் ராகி, அந்தப் பக்கமும் ராகி. ஏரிகளும் இரண்டு பக்கமும் தகரத் துண்டுகள் போல மின்னின. ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்துத்தான் எல்லை அங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

12.25. இறங்கினோம். முதலாளி அதே சட்டையோடு காத்திருந்தார். என்னம்மா தாமதம் என்று கேட்டார். கேப்டனே முன்னால் போய் முழுவதும் சொல்லிவிட்டார். முதலாளி என்னைத் திட்டவில்லை. அன்று சாயங்காலம் பட்டறையில் இருந்த பனியன் வேஸ்ட் மூட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முனிராஜ் என்னிடம் பேசாமல் போய்விடுவார் என்று நினைத்தேன். கேட் வரைக்கும் வந்தார். "நல்லவேளை சொன்னக்கா," என்றார். கொஞ்சம் நடந்து போய்த் திரும்பி, "ஆனா அப்ப உன்னைக் கடல்ல தள்ளிடலாம்னு இருந்துச்சு," என்றார். அங்கே கடல் இல்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அந்தத் துணியோடு அவர்கள் கடலுக்குமேல் போயிருந்தால் என்ற நினைப்பு இருவருக்குமே வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்குப் போனேன். மேலேயிருந்து தேடியபோது கிடைக்காத மாடி. வெயிலில் துணி காய்ந்திருந்தது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. இத்தனை வருடம் அதைத் தூசு போகும் துளை என்று நினைத்து, ஒரு கந்தலைச் செருகி வைத்திருந்தேன். அதை எடுத்துப் போட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. முனிராஜும் இன்னும் இருவரும் ஹெலிகாப்டரை ஈரத்துணியால் முழுக்கத் துடைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் முதல் ஷிப்டுக்குப் போனேன். ஒன்பது தொட்டிகள் வந்தன. ஒன்று கசிந்தது.